யாரையும் தெரியாதவர் வந்து சேர வேண்டும்: குமரி மாவட்டத்தில் தன்னார்வத் தொழில்நுட்பக் கூட்டம் நடத்துவது எப்படி

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு செப்டம்பர் சனிக்கிழமை, நாகர்கோவிலில் ஒரு கல்லூரி அரங்கில் மென்பொருள் சுதந்திர தினக் கூட்டம் வைத்திருந்தோம். கட்டற்ற மென்பொருளுக்கான, அதாவது யாரும் சுதந்திரமாகப் பயன்படுத்தி, மாற்றி, பகிரக்கூடிய மென்பொருளுக்கான நாள் அது. உள்ளே நாற்பது நாற்காலி போட்டிருந்தோம், வந்தது பதினொரு பேர், அதிலும் ஏழு பேர் நாங்களே. நம்ம ஊரில் இதற்கெல்லாம் ஆர்வம் இல்லை என்று பேசிக்கொண்டே வயரைச் சுருட்டினோம். இரண்டு நாள் கழித்து அருமனைப் பக்கத்திலிருந்து ஒரு மாணவி எழுதியிருந்தாள்: "அண்ணா, நான் வந்தேன். கேட்டில் கேட்டதற்கு அப்படி ஒரு நிகழ்ச்சியே இல்லை என்று சொன்னார்கள். நோட்டீஸில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டேன், யாரும் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன்." இரண்டு பஸ் மாறி வந்த பிள்ளை. அந்த நம்பர் என்னுடையது. போன் சைலண்டில் மேசைமேல் கிடந்தது.

2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலில் நின்ற மாவட்டம் இது. தெருவுக்குத் தெரு ஒரு பொறியியல் படித்த பிள்ளை இருக்கிறது. ஆர்வம் இல்லை என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. அந்த மெசேஜுக்குப் பிறகு நாங்கள் எந்தக் கூட்டம் வைத்தாலும் ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் முடிவெடுக்கிறோம்: இங்கே யாரையும் தெரியாத ஒருவர், தனியாக, முதல் தடவை, தைரியமாக வந்து சேர முடியுமா? தலைப்பு, நாள், இடம், நோட்டீஸ், வாசல், சாயா எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான். கீழே எழுதியிருப்பது இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் தட்டுத்தடுமாறிக் கற்றது. லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய கட்டற்ற இயங்குதளம்), விக்கிப்பீடியா, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் (யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடம்), அர்டுயினோ (மின்னணுக் கருவிகள் செய்து பழக உதவும் சிறு பலகை), எந்தக் கூட்டத்துக்கும் பொருந்தும்.

தலைப்பில் உங்கள் ஆசையை எழுதாதீர்கள், வருகிறவரின் வேலையை எழுதுங்கள்

"கட்டற்ற மென்பொருள் ஓர் அறிமுகம்" என்று போட்டால் ஏற்கெனவே அறிமுகமானவர்கள்தான் வருவார்கள். அதே கூட்டத்தை "வீட்டில் சும்மா கிடக்கும் பழைய லேப்டாப்பை மறுபடி ஓட வைப்போம், லேப்டாப்பைக் கொண்டு வாருங்கள்" என்று போட்டுப் பாருங்கள். 2011இல் தொடங்கிய அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வாங்கிய லேப்டாப் எத்தனையோ வீடுகளில் அலமாரிமேல் துணி சுற்றிக் கிடக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 ஏறாத மெஷின்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு லினக்ஸ் என்று ஒரு பதில் நம் கையில் இருக்கிறது. அதைத் தலைப்பில் சொல்லுங்கள், தத்துவத்தை வந்தபிறகு பேசிக்கொள்ளலாம், அப்போது அவர்களே கேட்பார்கள்.

வரைபடக் கூட்டமும் அப்படித்தான். "மேப்பத்தான்" என்றால் யாருக்கும் ஒன்றும் புரிவதில்லை. "உங்கள் ஊர்ப் பெயர், குளம், படிப்பகம், கடற்கரைத் தெரு எல்லாம் வரைபடத்தில் சரியாக இருக்கிறதா, நீங்களே திருத்தலாம்" என்று சொன்னால் மீனவ ஊர்ப் பையன்கள் வருகிறார்கள். தங்கள் ஊரின் பெயரைத் தப்பாக எழுதியிருப்பதைப் பார்த்து வருகிற கோபம் நல்ல கோபம்.

ஒரு கூட்டத்துக்கு ஒரு வேலைதான். காலையில் லினக்ஸ், மதியம் பைத்தான் நிரல்மொழி, சாயங்காலம் செயற்கை நுண்ணறிவு என்று அடுக்கினால் வருகிறவர் எதையும் செய்து பார்க்காமல் வீட்டுக்குப் போவார்.

நாள் பார்ப்பது

இந்த மாவட்டத்தில் நாள் பார்ப்பது தனிக் கலை, வெளியூர் நண்பர்கள் இங்கே வந்து கூட்டம் போட்டு ஏமாறுவது பெரும்பாலும் இதில்தான். ஞாயிற்றுக்கிழமை காலையை மறந்துவிடுங்கள். பாதி மாவட்டம் மாதா கோயிலிலும் சபையிலும் இருக்கும், அய்யா வைகுண்டரை வழிபடும் அய்யாவழிப் பதிகளிலும் ஞாயிறு முக்கியமான நாள். ஞாயிறு மதியம் இரண்டரைக்கு மேல் என்றால் பரவாயில்லை, ஆனால் வெளியூரில் வேலை பார்க்கிறவர்கள் அன்று சாயங்காலம் ரயில் ஏற வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். வெள்ளி மதியம் தொழுகை நேரம், குளச்சல், தக்கலை, திருவிதாங்கோடு பக்கம் வைத்தால் அதையும் பார்க்க வேண்டும். எங்களுக்குச் சரிப்பட்டு வந்தது சனிக்கிழமை காலை பத்து முதல் ஒன்று வரை.

அப்புறம் திருவிழாக்கள். மாசி மாதத்தில் சிவராத்திரி வரும், அன்று பன்னிரண்டு சிவாலயங்களுக்கும் சிவாலய ஓட்டம், கல்குளம் விளவங்கோடு ரோடெல்லாம் ஆட்கள். அதே மாசியில் மண்டைக்காட்டுக் கொடை, மாசி 20 அய்யா வைகுண்டர் பிறந்தநாள். நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் 3 வரை கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா. மார்கழியில் சுசீந்திரம் தேர். ஆவணியை ஒட்டி ஓணம். இதில் சிலவற்றுக்கு உள்ளூர் விடுமுறை விட்டு, அதை ஈடுகட்ட ஒரு சனிக்கிழமையை வேலை நாளாக அறிவிப்பார்கள், நீங்கள் குறித்த சனிக்கிழமையே அதுவாக இருந்துவிட்டால் ஒரு மாணவர்கூட வர முடியாது. ஆட்சியர் அலுவலக அறிவிப்பு வந்ததும் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்கு நவம்பரும் ஏப்ரலும் செமஸ்டர் பரீட்சை, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கும் அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கும் அட்டவணை வேறு வேறாக இருக்கும், இரண்டையும் கேளுங்கள்.

மழை வேறு. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நன்றாகப் பெய்யும் இடம் இது. தெருத் தெருவாக நடந்து வரைபடம் சேர்க்கும் வேலையை ஜனவரி, பிப்ரவரியில் வைத்துக்கொள்ளுங்கள், ஜூனிலும் அக்டோபரிலும் கூரைக்குக் கீழே இருங்கள்.

உலகம் முழுக்க ஒரே சமயத்தில் நடப்பவற்றோடு ஒட்டிக்கொள்வது நல்லதுதான். மென்பொருள் சுதந்திர தினம் 2004இல் தொடங்கியது, இப்போது செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமையில் வருகிறது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் பிறந்தநாள் ஆகஸ்ட் 16. ஆனால் இதைவிடப் பலன் தருவது மாதாமாதம் மாறாத ஒரு நாள். சென்னையில் ஐஎல்யூஜிசி என்கிற லினக்ஸ் பயனர் குழுவினர் இரண்டாம் சனிக்கிழமை என்று வைத்துக்கொண்டு வருடக்கணக்காகக் கூடினார்கள், அந்த நாளைக் கேட்டாலே கூட்டம் நினைவுக்கு வரும் அளவுக்கு. நாள் நிலையாக இருந்தால் பாதி விளம்பரம் தானே நடந்துவிடுகிறது. இன்னொன்று, இங்கே இருக்கிற நாலைந்து குழுக்களும் ஒரே பொது நாட்காட்டியை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே சனிக்கிழமை நாகர்கோவிலில் பைத்தான் கூட்டமும் மார்த்தாண்டத்தில் விக்கிப்பீடியா கூட்டமும் வைத்து, இரண்டுக்கும் பத்துப் பத்துப் பேர் வந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

இடம்

எல்லாவற்றையும் நாகர்கோவிலிலேயே வைக்காதீர்கள். மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் அந்த ரோட்டில் பஸ்ஸில் வந்தவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு நேரம் என்று. குலசேகரம், களியக்காவிளைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதற்கு முன்பே இன்னொரு பஸ் வேறு. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று மாற்றி மாற்றி வையுங்கள். ரயிலில் வருகிறவர்களுக்கு இரணியல், குழித்துறை நிலையங்களும் கைகொடுக்கும், அந்த நேரத்துக்கு வண்டி இருக்கிறதா என்று நீங்களே பார்த்து எழுதிவிடுங்கள்.

கல்லூரி அரங்கு கிடைத்தால் புரொஜெக்டரும் கரண்டும் கிடைக்கும், ஆனால் அந்தக் கல்லூரி அல்லாதவர்கள் கேட்டுக்குள் வரத் தயங்குவார்கள். கல்லூரியில்தான் வைக்க வேண்டுமென்றால், முதல்வருக்கு எழுதும் அனுமதிக் கடிதத்திலேயே "வெளியாட்களும் வருவார்கள்" என்று ஒரு வரி சேருங்கள், கையெழுத்தான கடிதத்தின் ஜெராக்ஸ் ஒன்றைக் காலையில் நீங்களே கேட்டில் இருக்கும் அண்ணாச்சியிடம் கொடுத்து, அவரிடம் இரண்டு நிமிடம் பேசுங்கள். அன்று நாங்கள் இதைச் செய்யவில்லை. துறைத்தலைவர் வரைக்கும் தெரிந்திருந்தது, கேட்டுக்குத் தெரியவில்லை.

கல்லூரியைவிட எனக்குப் பிடித்தது நூலகமும் படிப்பகமும். அரசு நூலகங்களில் வாசகர் வட்டம் இருக்கும், அவர்களிடம் பேசினால் மாடியில் ஒரு அறை கிடைக்கும். நம் ஊர்களில் படிப்பகங்களும் ஆர்ட்ஸ் அண்ட் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளும் இல்லாத இடம் எது? கேரம் போர்டை ஓரமாக நகர்த்தினால் பதினைந்து பேர் உட்காரலாம், ஊர்க்காரர்கள் கூச்சமில்லாமல் எட்டிப் பார்ப்பார்கள். ஆனால் கட்சிப் பெயரில் இருக்கும் படிப்பகமாக இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள், மற்றவர்கள் வரத் தயங்குவார்கள். கழிப்பறையைப் போய்ப் பாருங்கள், பெண்கள் போகும்படி இருக்கிறதா, உள்ளே தாழ்ப்பாள் விழுகிறதா. இல்லையென்றால் அந்த இடம் வேண்டாம்.

நோட்டீஸ்

இதில்தான் எல்லாரும் சறுக்குகிறோம். போஸ்டர் வரைகிற தம்பி கலர் கலராக ஒரு படம் செய்வார், அதில் மூன்று லோகோ, சிறப்பு விருந்தினர் படம், அடியில் சின்ன எழுத்தில் இடம். அதை வாட்ஸாப்பில் தட்டிவிட்டு நம் வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். அந்தப் படம் பத்து கை மாறும்போது மங்கிப்போகிறது. அதில் இருக்கும் எழுத்தைத் தேட முடியாது, நம்பரைத் தொட்டுக் கூப்பிட முடியாது, கண் தெரியாத ஒருவரின் போன் அதை வாசித்துக் காட்டாது. அதனால் எழுத்தாக எழுதியதுதான் நோட்டீஸ், படம் அதற்குத் துணை என்று வையுங்கள். தமிழில் யூனிகோடில் எழுதுங்கள்.

"வரும் சனிக்கிழமை", "நாளை" இந்த இரண்டையும் எழுதவே கூடாது. பார்வர்டு ஆகிற மெசேஜுக்கு நாளை என்று ஒன்று கிடையாது, போன மாதத்து "நாளை"யை நம்பி வந்து பூட்டிய கதவைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். தேதி, மாதம், வருடம், கிழமை நான்கும் வேண்டும். நீளமான மெசேஜில் வாட்ஸாப் முதல் சில வரிகளைக் காட்டிவிட்டு மீதியை மடித்துவிடும், அதனால் என்ன வேலை, எப்போது, எங்கே, கட்டணம் உண்டா என்பது அந்தச் சில வரிகளுக்குள் வந்துவிட வேண்டும். அமைப்பின் வரலாறு கடைசியில் போகட்டும், இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை.

நாங்கள் இப்போது எழுதுவது ஏறக்குறைய இப்படி:

"பழைய லேப்டாப்பை மறுபடி ஓட வைப்போம். 2026 செப்டம்பர் 19, சனிக்கிழமை, காலை 10 முதல் மதியம் 1 வரை. தக்கலை, படிப்பகம் மாடி. கட்டணம் இல்லை.

லினக்ஸ் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். லேப்டாப், சார்ஜர் கொண்டு வாருங்கள். லேப்டாப் இல்லாவிட்டாலும் வரலாம், பக்கத்தில் இருந்து பார்க்கலாம். உள்ளே இருக்கும் போட்டோ, பைல்களை முன்கூட்டியே வேறு இடத்தில் எடுத்து வையுங்கள்.

வழி: தக்கலை பஸ் நிலையத்தில் இறங்கி ஐந்து நிமிட நடை. வாசலில் மஞ்சள் பலகை இருக்கும். வாசலில் ஒரு அக்கா நிற்பார், அவரிடம் பேசுங்கள். வழி தெரியாவிட்டால் கூப்பிட இரண்டு எண்கள்: ... தனியாக வரலாம். பெற்றோரோடும் வரலாம். யார் நடத்துகிறோம், கேள்வி இருந்தால் எங்கே கேட்பது: ..."

"தனியாக வரலாம்" என்கிற அந்த இரண்டு வார்த்தையை நான் முதலில் தேவையில்லாதது என்று நினைத்தேன். அதைப் பார்த்துத்தான் வந்தேன் என்று மூன்று பேர் தனித்தனியாகச் சொன்ன பிறகு அதை எடுக்கவே இல்லை. பெற்றோரைப் பற்றிய வரியும் அப்படித்தான். கல்லூரிப் பெண்பிள்ளைகள் சனிக்கிழமை வீட்டைவிட்டுக் கிளம்ப, யார் நடத்துகிறார்கள், எத்தனை மணிக்கு முடியும் என்று வீட்டில் கேட்பார்கள். அதற்குப் பதில் நோட்டீஸில் இருந்தால் அந்தப் பிள்ளை போனை நீட்டிக் காட்டிவிடலாம். ஒரு மணி என்று எழுதினால் ஒரு மணிக்கே முடியுங்கள்.

இரண்டு எண் என்று சொன்னேன், அதில் ஒன்று கூட்டத்தில் வேலை இல்லாத ஆளுடைய எண்ணாக இருக்க வேண்டும்.

யார் வாயால் போய்ச் சேர வேண்டும்

மூன்று வாரம் முன்பே முதல் நோட்டீஸ், ஒரு வாரம் முன்பு இரண்டாவது, முந்தின நாள் சாயங்காலம் மூன்றாவது. மூன்றுக்கு மேல் போட்டால் குழுவை மியூட் செய்துவிடுவார்கள். இது எல்லாரும் செய்வதுதான். ஆனால் எங்கள் அனுபவத்தில் வருகிறவர்களில் பெரும்பாலோர் குழுவில் பார்த்து வருவதில்லை, தெரிந்த ஒருவர் சொல்லி வருகிறார்கள். அதனால் எங்கள் குழுவில் ஒவ்வொருவரும் ஐந்து பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பார்வர்டு செய்யக்கூடாது, போனில் பேச வேண்டும் அல்லது அவருக்கென்று எழுத வேண்டும். "அக்கா, உங்க வீட்டில் அந்தப் பழைய டெல் லேப்டாப் இருக்கில்ல, அதைக் கொண்டு வாங்க" என்று சொன்னால் அந்த அக்கா வருவார், தன் மகனையும் கூட்டி வருவார்.

ஆசிரியர்கள் அடுத்தது. ஒரு துறையில் ஒரே ஒரு ஆசிரியர் வகுப்பில் வாயால் சொன்னால் போதும், கல்லூரி அறிவிப்புப் பலகையில் பத்து போஸ்டர் ஒட்டியதைவிட அதிகம். கோணம் பக்கம் அரசு பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் இருக்கின்றன, நகரத்துக்குள் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, தென்திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி, ஹோலி கிராஸ், மார்த்தாண்டத்தில் நேசமணி நினைவுக் கல்லூரி. நேரில் போங்கள். கணினித் துறையோடு நிற்காதீர்கள், விக்கிப்பீடியாவுக்குத் தமிழ்த் துறையும் வரலாற்றுத் துறையும்தான் சரியான ஆட்கள்.

கல்லூரியை விட்டு வெளியே வந்தால் இந்த மாவட்டத்துக்கென்று சில வழிகள் இருக்கின்றன. கத்தோலிக்கப் பங்கில் ஞாயிறு திருப்பலி முடிந்து அறிவிப்பு வாசிப்பார்கள், பங்கில் உள்ள சிறு குழுக்களின் அன்பியக் கூட்டங்கள் வாரத்தில் நடக்கும், சபையிலும் அறிவிப்பு உண்டு. பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ வெள்ளிக்கிழமைக்குள் நான்கு வரி எழுதிக் கொடுங்கள், நான்கு வரிக்கு மேல் வாசிக்க மாட்டார்கள். கடற்கரை ஊர்களில் ஊர் மைக்கில் சொன்னால் எல்லா வீட்டுக்கும் கேட்கும். நாகர்கோவில் வானொலி 1984இல் தொடங்கிய, நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம். இன்றும் சமையலறையிலும் ஆட்டோவிலும் ஓடுகிறது. கடிதத்தோடு நேரில் போய் இரண்டு வாரம் முன்பே கேட்டுப் பாருங்கள். நாளிதழ்களின் நாகர்கோவில் பதிப்புகளில் "இன்றைய நிகழ்ச்சி" பகுதிக்குக் காசு கிடையாது, உள்ளூர் நிருபரிடம் மூன்று நாள் முன்பே கொடுத்தால் போடுவார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் அதைப் பார்த்துத்தான் வருகிறார்கள், பழைய நூல்களை இணையத்தில் ஏற்றும் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்க்க அவர்களைப் போல யாரும் இல்லை.

அப்புறம் ஜெராக்ஸ் கடை, லேப்டாப் சர்வீஸ் கடை. சர்வீஸ் கடைக்காரரிடம் "உங்கள் தொழிலைக் கெடுக்க வரவில்லை, நீங்களும் வாங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரோட்டில் பிளக்ஸ் வைக்காதீர்கள், அதற்கு அனுமதி வாங்க வேண்டும், காசும் வீண்.

நம் மாவட்டத்துக்குச் சென்னை எழுநூறு கிலோமீட்டர், திருவனந்தபுரம் எழுபது. பேச ஆள் வேண்டுமென்றால் முதலில் அந்தப் பக்கம் பாருங்கள். கேரளப் பள்ளிகளில் லினக்ஸ் ஓடுகிறது, கட்டற்ற மென்பொருளுக்கான கேரள அரசின் ஐசிஃபாஸ் நிறுவனம் அங்கே இருக்கிறது, 2023இல் உலக டெபியன் மாநாடே கொச்சியில் நடந்தது. மார்த்தாண்டம், களியக்காவிளையில் மலையாளத்தில் பேசினால் புரியாதவர்கள் குறைவு. புரியாத ஒருவர் இருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்ல ஒரு ஆளைப் போடுங்கள்.

முந்தின வாரம்

எதையும் கூட்டத்தில் டவுன்லோடு செய்யலாம் என்று நம்பாதீர்கள். இருபது பேர் ஒரே வைஃபையில் உபுண்டு லினக்ஸை இறக்கினால் ஒரு மணி ஆனாலும் இறங்காது, போன் ஹாட்ஸ்பாட் பத்துப் பேருக்கே திணறும். லினக்ஸை நிறுவ வேண்டிய ஐஎஸ்ஓ பைல்களை வீட்டிலேயே இறக்கி, வென்டாய் (ஒரே பெண்டிரைவில் பல ஐஎஸ்ஓவை வைக்க உதவும் மென்பொருள்) போட்ட பெண்டிரைவில் இரண்டு மூன்று லினக்ஸையும் சேர்த்து வையுங்கள், அப்படி ஐந்தாறு பெண்டிரைவ் வேண்டும். பழைய மெஷினுக்கு எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலகுவான முகப்பு உள்ளதை வையுங்கள். புதிய விண்டோஸ் லேப்டாப்களில் பிட்லாக்கர் பூட்டு தெரியாமலே ஓடிக்கொண்டிருக்கும், மீட்புக் குறி கையில் இல்லாமல் அதில் கை வைத்தால் உள்ளே இருப்பது போய்விடும். சந்தேகம் இருந்தால் நிறுவாதீர்கள், பெண்டிரைவிலிருந்து லைவாக ஓட்டிக் காட்டி அனுப்புங்கள். ஒருவருடைய கல்யாண போட்டோ போய்விட்டால் அந்த ஊரில் அடுத்த பத்து வருடம் லினக்ஸ் பேச முடியாது.

விக்கிப்பீடியா கூட்டம் என்றால், ஒரே இணைப்பிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு புதிய கணக்குதான் தொடங்க விடும். ஏழாவது ஆளிலிருந்து எல்லாரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். வீட்டிலேயே கணக்குத் தொடங்கிவிட்டு வரச் சொல்லுங்கள், முடியாதவர்கள் தங்கள் போன் டேட்டாவில் தொடங்கட்டும், பெரிய கூட்டமென்றால் விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவிடம் முன்பே சொல்லி வரம்பை உயர்த்தி வாங்கலாம்.

தமிழில் தட்டச்சு எப்படி என்று ஒரு பக்கம் அச்சடித்துக் கையில் கொடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், எச்டிஎம்ஐ வயர், விஜிஏ கன்வெர்ட்டர், வெள்ளைத் தாள், மார்க்கர், செல்லோ டேப். கரண்ட் போனால் என்ன செய்வது என்று இடக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்கிற படிவத்தில் பெயர், ஊர், போன் எண், லேப்டாப் இருக்கிறதா, இவ்வளவு போதும். இலவசக் கூட்டத்துக்குப் பதிவு செய்தவர்களில் பாதிப் பேர் வந்தால் நல்ல கணக்கு, அதை வைத்துச் சாயா சொல்லுங்கள். பதிவு செய்த எல்லாரையும் ஒரே வாட்ஸாப் குழுவில் போட்டுவிடாதீர்கள். அதில் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியும், பெண்களுக்கு ராத்திரி மெசேஜ் வரத் தொடங்கும், அவர்கள் காரணம் சொல்லாமல் விலகிவிடுவார்கள். வாட்ஸாப் கம்யூனிட்டியின் அறிவிப்புக் குழுவில் எண்கள் மற்றவர்களுக்குத் தெரியாது, அதைப் பயன்படுத்துங்கள்.

அன்று

குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, சிறப்பு விருந்தினர் உரை, இதெல்லாம் முடிய ஒரு மணி நேரம் ஆகும். மூன்று மணி நேரக் கூட்டத்தில் அது பெரிய பங்கு. வேண்டாம் என்று இடம் தருகிறவர்களிடம் முன்பே பணிவாகப் பேசிவிடுங்கள், அவர்களில் ஒருவர் ஐந்து நிமிடம் வாழ்த்துச் சொல்லட்டும், போதும்.

வாசலில் நிற்கிற ஆள்தான் அன்றைக்கு மிக முக்கியமானவர். நன்றாகப் பேசக்கூடிய ஒருவரை, முடிந்தால் ஒரு பெண்ணை, அந்த வேலைக்கு மட்டும் வையுங்கள், பதினோரரை வரைக்கும் அங்கேயே நிற்க வேண்டும், தாமதமாக வருகிறவர்தான் பெரும்பாலும் தனியாக வருகிறவர். வந்தவரின் பெயரைக் கேட்டு, உள்ளே கூட்டிப்போய், ஒருவர் பக்கத்தில் உட்காரவைத்து, "இவங்க குலசேகரத்திலிருந்து வந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு வர வேண்டும். நிறுவுகிற மேசையில் பிரச்சினை வந்தால் நம் ஆட்கள் நாலு பேரும் அங்கே குனிந்துவிடுவோம், மற்றவர்களுக்கு நம் முதுகுதான் தெரியும். ஒருவர் பார்க்கட்டும், மூன்று பேர் ஆட்களோடு இருங்கள். விசைப்பலகையை வந்தவர் கையிலிருந்து வாங்காதீர்கள், மெதுவாக ஆனாலும் அவர்தான் தட்ட வேண்டும்.

போட்டோ எடுக்கும் முன் கேளுங்கள். வேண்டாம் என்கிறவர் முகம் படத்தில் வரக்கூடாது.

பதினொன்றரைக்குச் சாயாவும் பழம்பொரியும். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள், இருபது நிமிடம் விடுங்கள். கூட்டத்தில் வாயே திறக்காதவர் சாயா கிளாஸோடு நிற்கும்போதுதான் "அண்ணே, ஒரு சந்தேகம்" என்று தொடங்குவார். செலவைக் குழுவினர் பகிர்ந்துகொள்ளுங்கள், யாராவது காசு தந்தால் அன்று ராத்திரியே வரவு செலவைக் குழுவில் எழுதிவிடுங்கள், நூற்றைம்பது ரூபாய் ஆனாலும் எழுதுங்கள்.

சான்றிதழ் கேட்பார்கள். சான்றிதழுக்காக வருகிற கூட்டம் கையெழுத்துப் போட்டதும் போய்விடும் என்பதால் நாங்கள் கொடுப்பதில்லை. வகுப்பு நாளில் வந்த பிள்ளைகளுக்கு "ஓ.டி." (வகுப்புக்கு வராததை வருகையாகக் கணக்கிடுவது) போடக் கடிதம் வேண்டுமென்றால் கட்டாயம் எழுதிக் கொடுக்கிறோம், அது அவர்களுக்கு உண்மையான தேவை.

முடிந்த பிறகு

அடுத்த கூட்டத்தின் தேதியும் இடமும் இந்தக் கூட்டம் முடியும்போது சொல்லப்பட வேண்டும், "பிறகு அறிவிப்போம்" என்றால் அந்தக் கூட்டம் நடக்காது. இரண்டு நாளுக்குள் வந்தவர்களுக்கு ஒரு மெசேஜ்: என்ன செய்தோம், வீட்டில் மாட்டிக்கொண்டால் யாரைக் கேட்பது, அடுத்தது எப்போது. பதிவு செய்துவிட்டு வராதவர்களுக்குத் தனியாக எழுதுங்கள், குறை சொல்லாமல், "வர முடியாமல் போனதற்கு எங்கள் பக்கம் ஏதாவது காரணமா" என்று. அருமனைப் பிள்ளை தானாகவே எழுதினாள், எல்லாரும் எழுத மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். பஸ் கிடைக்கவில்லை, மாடி ஏற முடியாது, ஆங்கிலத்தில் இருக்கும் என்று பயந்தேன் என்று பதில்கள் வரும். அவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்து அடுத்த கூட்டத்துக்கு முன் வாசியுங்கள்.

மூன்றாவது தடவை வருகிறவரிடம் ஒரு வேலையைக் கொடுங்கள், பேனர் கட்டுவது மாதிரி வேலை இல்லை, முடிவெடுக்கிற வேலை. இடம் பார்ப்பது, நோட்டீஸ் எழுதுவது. இரண்டு பேர் மட்டும் இழுத்துக்கொண்டு போகிற குழு, அந்த இருவரில் ஒருவருக்கு பெங்களூரில் வேலை கிடைத்த அன்றே நின்றுவிடும், இங்கே படித்த பிள்ளைகள் வெளியூர் போவது எப்போதும் நடப்பதுதான். அதனால் கடவுச்சொற்கள், கடிதங்களின் நகல், இடக்காரர்களின் எண்கள் எல்லாம் குறைந்தது மூன்று பேரிடம் இருக்கட்டும்.

சாமான்களை ஒரே பெட்டியில் போட்டு, மூடியின் உள்பக்கம் என்னென்ன இருக்கிறது என்று ஒரு தாள் ஒட்டுங்கள். எங்கள் பெட்டி இப்போது கருங்கலில் இருக்கிறது, அடுத்த மாதக் கூட்டம் மார்த்தாண்டத்தில். விஜிஏ கன்வெர்ட்டர் ஒன்று வேலை செய்யவில்லை, வாங்க வேண்டும். வாசலில் நிற்கப் போவது அந்த அருமனைப் பிள்ளை.